நஞ்சுக்கொடி தானாக வருவதற்கும் ஊசி போட்டு எடுப்பதற்கும் என்ன வித்தியாசம்?

குழந்தை பிறந்ததும் மதுரைப் பக்கத்துப் பாட்டிகள் கேட்பது, "நஞ்சு விழுந்துச்சா?" தானாக விழ விட்டால் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். மருத்துவ முறையில் தாய்க்கு 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போட்டு, கருப்பை இறுகியதும் தொப்புள்கொடியைப் பக்குவமாக இழுத்து நஞ்சை எடுப்பார்கள்; பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும்.

சித்திரைத் திருவிழாவில் வாங்கிய பலூனில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது என்று வையுங்கள். காற்று இறங்கிப் பலூன் சுருங்கினால் ஸ்டிக்கர் பெயர்ந்துவிடும். கருப்பையும் அப்படித்தான். ஆனால் பெயர்ந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் திறந்திருக்கும். கருப்பை நன்றாக இறுகினால்தான் அவை மூடும். ஊசி அந்த இறுக்கத்தைக் கொடுப்பதால் ரத்தப்போக்கு குறைகிறது. ரத்தசோகை உள்ள தாய்க்கு இது சின்ன விஷயமில்லை.

ஊசி போட்டால் தொப்புள்கொடியை உடனே வெட்டியாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, குழந்தை நலமாக இருந்தால் 1 முதல் 3 நிமிடம் பொறுத்தே வெட்டலாம்.