சக்ராந்தினோ கெட்டுப்போகவில்லை, துவர்ப்பே அப்படித்தான்

இத்தாலியில் வாங்கி வந்த மோந்தெஃபால்கோ சக்ராந்தினோ என்ற சிவப்பு ஒயினைத் திறந்ததும் கடுக்காயைக் கடித்த மாதிரி நாக்கு இழுத்துக்கொண்டது, பாட்டில் கெட்டுப்போச்சா என்று கேட்டிருந்தீர்கள். கீழே கொட்டிவிடாதீர்கள். வினிகர் நெடியோ நனைந்த அட்டை வாடையோ இல்லையென்றால் ஒயின் நன்றாகவே இருக்கிறது.

சக்ராந்தினோ என்பது மத்திய இத்தாலியின் உம்ப்ரியா பக்கத்துத் திராட்சை. துவர்ப்பைத் தரும் டானின் இதில் இருப்பதுபோல வேறு சிவப்புத் திராட்சைகளில் காண்பது அரிது. நம் எச்சிலில் உள்ள புரதத்தை அது பிடித்துக்கொள்வதால்தான் வாய் வறளுகிறது. அந்தக் காலத்தில் ஊர்க்காரர்களே திராட்சையை உலர்த்தி இனிப்பு ஒயினாகத்தான் செய்தார்கள். 1971-இல் தொடங்கிய காப்ராய் குடும்பத்து ஒயின் நிறுவனத்தில், மகன் மார்கோ பொறுப்பேற்ற பிறகுதான் இனிப்பில்லாத வகை உலகுக்குத் தெரியவந்தது. 37 மாதம் பக்குவப்படுத்தாமல் விற்கக்கூடாது என்பது சட்டம். அதற்குப் பிறகும் இந்த முரடு!

வாயகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி மூன்று மணி நேரம் விடுங்கள். ஃபிரிட்ஜில் வேண்டாம், குளிர்ந்தால் துவர்ப்பு ஏறும். வெறும் வயிற்றில் குடிக்காமல், கொழுப்புள்ள ஆட்டுக்கறி வறுவலோடு ஒரு மடக்கு எடுத்துப் பாருங்கள். காரத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.