மஞ்சளோடு நின்றுபோன தக்காளி

கேள்வி: "உடுமலைப் பக்கம் தோட்டமுங்க. போன வருசம் கடையில் வாங்கி நட்ட எஃப்1 கலப்பினத் தக்காளி நன்றாக வந்தது. பழம் பறித்துப் பத்து நாள் ஆனாலும் கெடவில்லை. விதைக்குக் கொடுக்கிற காசாவது மிச்சமாகட்டும் என்று அதிலேயே நல்ல பழமாகப் பார்த்து விதை எடுத்து, குழித்தட்டில் போட்டு 100 நாற்று நட்டேன். 4 போய்விட்டது. மீதி 96 செடியில் 23 செடியின் காய் எலுமிச்சை நிறத்துக்கு வந்து அப்படியே நின்றுவிட்டது. ஒரு மாசமாகச் செடியிலேயே கல்லாட்டம் தொங்குகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வைரஸ் என்கிறார். மருந்துக் கடையில் பொட்டாஷ் பத்தவில்லை என்றார்கள், போட்டேன். பழுக்க வைக்கிற எத்ரல் மருந்தும் அடித்தேன், இலைதான் பழுத்துக் கொட்டியது. கோயமுத்தூரில் பயோடெக் படிக்கிற என் மகள், 'டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் கோளாறா இருக்கும்ப்பா' என்கிறாள். அது என்னங்க? மருந்து உண்டா? மீதி 73 செடியில் விதை எடுக்கலாமா?"

பதில்: மகள் சொன்னதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. மருந்து கிடையாது. அந்த 23 செடிகளைப் பிடுங்கிவிடலாம். ஆனால் பிடுங்குவதற்கு முன்னால் ஒரு காயைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

முதலில் காம்பைப் பாருங்கள். காம்பும் பழமும் சேருகிற இடத்தில் நட்சத்திரம் மாதிரி விரிந்திருக்கும் பச்சை இதழ்கள் உண்டல்லவா, புல்லி இதழ்கள். சிவந்த பழம் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மஞ்சள் காயில் அந்த இதழ்கள் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக, நீளமாக இருந்தால் பாதி வழக்கு முடிந்தது. அப்புறம் காயைக் குறுக்கே அறுங்கள். உள்ளே விதை முற்றியிருக்கும், முளைக்கவும் செய்யும். சதை மட்டும் பழுக்க மறுத்து விறைப்பாக நிற்கும்.

வைரஸ் என்றால் இலை சுருளும், செடி குட்டையாகும், அல்லது பழத்தில் வளையம் வளையமாகத் தழும்பு விழும். பொட்டாஷ் குறைந்தால் பழம் திட்டுத்திட்டாகப் பழுக்கும், காம்புப் பக்கத் தோள் மட்டும் மஞ்சளாக நிற்கும். சித்திரை வெயில் 30 டிகிரிக்கு மேல் ஏறினால் சிவப்புச் சாயமான லைக்கோபீன் குறைந்து பழம் ஆரஞ்சாகும். ஆனால் வெயிலுக்கும் உரத்துக்கும் செடி பார்த்து ஓரவஞ்சனை செய்யத் தெரியாது. ஒரே பாத்தியில் ஒரு செடி ரத்தச் சிவப்பு, அடுத்த செடி முழு மஞ்சள், இரண்டும் பச்சைப் பசேலென்று ஆரோக்கியம் என்றால், காரணம் விதைக்குள் இருக்கிறது.

சரி, விதைக்குள் என்ன நடந்தது?

தக்காளிக்கு 12 ஜோடிக் குரோமோசோம்கள். அதன் மரபணுத் தொகுப்பை 2012-இல் முழுதாகப் படித்து வெளியிட்டார்கள், அந்தக் கூட்டு வேலையில் இந்திய ஆய்வகங்களும் இருந்தன. ஏறக்குறைய 35,000 மரபணுக்கள். வேர், இலை, பழம் எல்லாவற்றின் செல்லிலும் இதே 35,000. பழத்தைக் குழைய வைக்கும் நொதிக்கான மரபணு இலையிலும்தான் இருக்கிறது, ஆனால் அங்கே தூங்குகிறது. எந்த மரபணு எங்கே, எப்போது விழிக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்கிற புரதங்களைத்தான் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் என்கிறார்கள். பாடப்புத்தகத் தமிழில் படியெடுத்தல் காரணி.

நீங்கள் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசனத்துக்காரராக இருப்பீர்கள், அதை வைத்தே சொல்கிறேன். திருமூர்த்தி அணையில் தண்ணீர் இருக்கிறது, கிளை வாய்க்காலும் உங்கள் காடு வரை வெட்டியிருக்கிறது. ஆனாலும் உங்கள் மண்டலத்துக்கு முறை வந்து, வாய்க்கால் பார்க்கிற ஊழியரான லஸ்கர் வந்து ஷட்டரைத் தூக்கினால்தான் மடையில் தண்ணீர். லஸ்கர் தண்ணீரை உண்டாக்குவதில்லை, பயிரும் செய்வதில்லை. எந்த ஷட்டர், எந்த நாள் என்பது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். படியெடுத்தல் காரணியும் அப்படியே. ஒவ்வொரு மரபணுவுக்கும் தலைப்பில் ஒரு பகுதி உண்டு, புரமோட்டர் என்று பெயர். காரணி அங்கே போய் உட்கார்ந்தால், ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்ற நொதி வந்து அந்த மரபணுவை ஆர்.என்.ஏ.-வாகப் படியெடுக்கும். அந்தப் படியைப் பார்த்து செல் புரதம் செய்யும். உவமை ஓர் இடத்தில் இடிக்கும்: வாய்க்கால் தண்ணீர் தானாக முட்டிக்கொண்டு நிற்கிறது, பாலிமரேஸைக் காரணிதான் கூப்பிட்டு வர வேண்டும். காரணியை ஷட்டர் தூக்குகிற ஆள், கூட்டி வருகிற ஆள் இரண்டுமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தக்காளி பழுப்பதற்கு அப்படி ஒரு முக்கியமான ஆள், ரின் என்ற புரதம். மேட்ஸ் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்து உறவுக்காரர்கள் ஈஸ்ட்டிலும் இருக்கிறார்கள், மனித உடம்பிலும் இருக்கிறார்கள். டி.என்.ஏ.-வின் ஏ, டி, சி, ஜி என்ற நான்கு எழுத்துகளில் ரின் தேடுவது ஒரு பத்தெழுத்து அடையாளம்: முதலில் இரண்டு சி, நடுவில் ஏ அல்லது டி ஏதோ ஆறு, முடிவில் இரண்டு ஜி. அதைக் கண்ட இடத்தில் கவ்விக்கொள்ளும்.

உங்கள் மகள் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும். தக்காளியின் டி.என்.ஏ. ஏறத்தாழ 90 கோடி எழுத்து நீளம். அதில் இந்தப் பத்தெழுத்து தற்செயலாகவே எத்தனை இடத்தில் வரும்? கணக்குப் போட்டால் 16,384 எழுத்துக்கு ஒரு முறை, அதாவது 50 ஆயிரம் இடங்களுக்கு மேல். அத்தனை இடத்திலும் ரின் உட்கார்ந்து ஷட்டரைத் தூக்கினால் காடு வெள்ளமாகிவிடும். அப்படி ஆகாததற்கு இரண்டு காரணங்கள். டி.என்.ஏ. பெரும்பகுதி நூல்கண்டு மாதிரி புரதங்களின் மேல் இறுக்கமாகச் சுற்றிக் கிடக்கிறது, சுற்று தளர்ந்த இடத்தில்தான் காரணி நெருங்க முடியும். பழம் முற்ற முற்றத்தான் பழுக்கும் மரபணுக்களின் தலைப்பில் ஒட்டியிருந்து பூட்டுப் போட்ட மெத்தில் என்ற வேதிக் குறிகள் நீங்கி அந்த இடங்கள் திறக்கின்றன. இரண்டாவது, ரின் தனியாக வேலை செய்வதில்லை, அதே குடும்பத்து மற்ற புரதங்களோடு கூட்டுச் சேர்ந்துதான் உட்காரும். இடமும் திறந்திருக்க வேண்டும், கூட்டாளிகளும் வந்திருக்க வேண்டும். அதனால்தான் பிஞ்சில் பழுப்பதில்லை.

எல்லாம் கூடி வந்தால் ரின் பல ஷட்டர்களைத் தூக்கும். எத்திலீன் வாயு செய்யும் மரபணு ஒன்று. லைக்கோபீன் சிவப்புக்கு அடி போடும் மரபணு ஒன்று. செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினை அறுத்துப் பழத்தைக் குழைக்கும் மரபணு இன்னொன்று. எத்திலீன் வந்தால் அது இன்னும் எத்திலீனை வரவழைக்கும். 14 கிலோ பெட்டியில் ஒரு பழம் கனிந்தால் மறுநாள் பெட்டியே கனிந்து நிற்பது இதனால்தான்.

இனி உங்கள் மஞ்சள் காய்க்கு வருவோம். பழுக்காத இந்தத் தக்காளியை 1968-இலேயே பதிவு செய்துவிட்டார்கள். காரணமான மரபணுவை அமெரிக்க ஆய்வாளர்கள் 2002-இல் பிடித்தார்கள். ரின் மரபணுவும் பக்கத்தில் இருந்த இன்னொரு மரபணுவும் நடுவே ஒரு துண்டு அறுந்துபோய் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பக்கத்து மரபணுவின் வேலைகளில் ஒன்று புல்லி இதழின் அளவை அடக்கி வைப்பது. அது கெட்டதால்தான் இதழ் பெரிதாகிறது. பழம் பழுக்காததற்கும் காம்பு நட்சத்திரம் பெரிதாவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருப்பீர்கள். சம்பந்தம் இவ்வளவுதான், பக்கத்து வீடு.

ரின் இல்லை, அதனால் பழுக்கவில்லை என்றுதான் வெகுநாள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். நானும் வகுப்பில் அப்படியே பாடம் எடுத்திருக்கிறேன். 2017-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மரபணுவைக் குறிபார்த்து வெட்டும் கிரிஸ்பர் கத்தரியால் சாதாரணத் தக்காளியிலிருந்து ரின்னை வெட்டியே எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். முழுதாக இல்லாவிட்டாலும் பழம் ஓரளவு நிறம் மாறிப் பழுக்கத் தொடங்கியது! அப்படியானால் பழைய மஞ்சள் தக்காளியில் நடப்பது வேறு. அங்கே லஸ்கர் லீவில் போகவில்லை. ஒட்டுப்போட்ட புரதத்துக்குக் கை ரின்னுடையது, அதனால் அதே பத்தெழுத்தைக் கவ்வும். வால் வேறு ஆளுடையது, அது ஷட்டரை அமுக்கிப் பிடிக்கும். ஆள் வராமல் போனால் வேறு யாராவது வந்து கொஞ்சமாவது தூக்குவார்கள். தப்பான ஆள் ஷட்டர் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

எத்ரல் தோற்றதும் இங்கேதான். எத்ரல் செடிக்குள் போய்ச் சிதைந்து எத்திலீனாகிறது. எத்திலீன் என்பது "முறை வந்துவிட்டது, திறங்கள்" என்கிற சேதி. சேதி போய்ச் சேர்ந்தது, ஷட்டர் மேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இலைகளுக்கு அந்தத் தடை கிடையாது, அவை சேதியைக் கேட்டு உதிர்ந்துவிட்டன. இன்னும் அடித்தால் இன்னும் இலை கொட்டும். கார்பைடு கல் பக்கம் போகவே வேண்டாம். உணவுக்குத் தடை செய்யப்பட்ட சரக்கு என்பது ஒரு பக்கம், இந்தக் காயில் அதுவும் பலிக்காது. சந்தேகம் இருந்தால் இரண்டு மஞ்சள் காயையும், முற்றிய இரண்டு பச்சைக் காயையும் கனிந்த வாழைப்பழத்தோடு செய்தித்தாளில் சுற்றி ஒரு வாரம் வையுங்கள். பச்சை சிவந்து, மஞ்சள் மஞ்சளாகவே இருந்தால் வேறு சோதனை தேவையில்லை.

முதல் வருசப் பழம் எப்படிப் பழுத்தது என்பது நியாயமான கேள்வி. ஒவ்வொரு செடிக்கும் ஒரு மரபணுவில் இரண்டு பிரதி, தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. நீண்ட நாள் தாங்கும் கலப்பினங்களை உருவாக்குகிறவர்கள் பலர் வேண்டுமென்றே ஒரு பெற்றோரிடம் இந்த ஒட்டுப்போட்ட பிரதியை வைக்கிறார்கள். எஃப்1-இல் நல்ல ரின் ஒன்று, முரண்டு ரின் ஒன்று. ஒருவர் தூக்க, ஒருவர் அமுக்க, பழம் சிவக்கும், ஆனால் நிதானமாகத்தான் சிவக்கும். நீங்கள் மெச்சிய பத்து நாள் தாங்குதல் இந்த இழுபறியில் வந்ததாகவே இருக்கும். ருசி கொஞ்சம் குறைவதும் அதே கணக்கில்தான், சந்தைக்கு அது பெரிய கவலை இல்லை. வியாபாரிக்கு லாரி போய்ச் சேர வேண்டும்.

அதில் விதை எடுத்தால் சீட்டு மறுபடி கலைகிறது. நான்கில் ஒரு பங்கு செடிக்கு இரண்டும் நல்லது, இரண்டு பங்குக்கு ஒன்று நல்லது ஒன்று முரண்டு, ஒரு பங்குக்கு இரண்டும் முரண்டு. 96-க்கு 24, 48, 24. உங்களுக்கு வந்தது 23. இவ்வளவு சுத்தமாகக் கணக்கு வந்து நான் பார்த்ததில்லை. இது யாரும் செய்த ஏமாற்று இல்லை, எஃப்1 என்றாலே அடுத்த தலைமுறை பிரியும். ஒன்று மட்டும் விட்டு வைக்கிறேன்: புல்லி இதழ் சாதாரணமாக இருந்தால் இது ரின் இல்லாமல் நார் என்ற இன்னொரு காரணியின் கோளாறாக இருக்கலாம். அப்போதும் செய்ய வேண்டியது இதேதான்.

மற்ற செடிகளுக்கு இது தொற்றாது. மகரந்தம் போனால்கூட இந்தப் பருவத்துப் பழம் கெடாது, பழத்தின் சதை தாய்ச்செடியின் உடம்பு. மஞ்சள் காயைச் சாப்பிடலாம். சமைத்துப் பார்த்த ஒரு வீட்டில் தொக்குக்குப் பரவாயில்லை என்றார்கள், ரசத்துக்கு ஆகாது. மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: நல்ல ரின் புரதத்தைப் பாட்டிலில் அடைத்துத் தெளிக்க முடியாது. இலைமேல் விழுகிற புரதம் செல்லின் உட்கருவுக்குள் நுழையாது.

விதை விஷயம். நோகாமல் வேண்டுமென்றால் பெரியகுளத்து பி.கே.எம். 1 அல்லது கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ. 3 போன்ற ரகங்களுக்குப் போய்விடுங்கள். அவை கலப்பினம் இல்லை, விதை எடுத்தாலும் அதே குணம் வரும். இல்லை, இந்த 73-ல்தான் எடுப்பேன் என்றால், அதில் மூன்றில் இரண்டு செடிக்குள் முரண்டு பிரதி ஒளிந்திருக்கும், பார்வைக்குத் தெரியாது. ஆனால் ஒரு வழி இருக்கிறது. 73 செடிக்கும் எண் போடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே நாளில், நிறம் திரும்பத் தொடங்கும் பருவத்தில் இரண்டிரண்டு பழம் பறித்துத் திண்ணை நிழலில் வரிசையாக வையுங்கள். சீக்கிரம் சிவந்து சீக்கிரம் குழைகிற செடிகளைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய 24 தேறலாம். விதை அவற்றில்தான் எடுக்க வேண்டும், பத்து நாள் தாங்குகிற அழகான பழத்தில் இல்லை. மார்க்கர் மை பழத்தில் அழிந்துபோகும், காம்பில் நூல் கட்டி அட்டைத்துண்டில் எண் எழுதுங்கள். எலி வராத இடமாகவும் பார்த்து வையுங்கள்.