ஹாரிசன் ஃபோர்டைக் காட்டி மகன் படிப்பை விடுகிறேன் என்கிறானா?

வணக்கம் அம்மா.

பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன், கல்லூரியை விட்டுவிட்டு நடிக்கப் போகிறேன் என்று அடம்பிடிக்கிறான், ஏதாவது கேட்டால், ஹாலிவுட் நடிகரைக் காட்டி "ஹாரிசன் ஃபோர்டே டிகிரி முடிக்கலை" என்று வாயை அடைக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி சொல்வது பொய்யில்லை. ஆனால் அது கதையின் முதல் பக்கம் மட்டும்தான். மீதியை எழுதுகிறேன். சாப்பிட உட்காரும்போது தம்பியிடமே படித்துக் காட்டுங்கள்.

ஃபோர்ட் 1942-இல் சிகாகோவில் பிறந்தவர். விஸ்கான்சினில் உள்ள ரிப்பன் கல்லூரியில் தத்துவம் படித்தார். கூச்சம் போகட்டும் என்று கடைசி ஆண்டில் நாடக வகுப்பில் சேர்ந்தவருக்கு அதிலேயே மனது ஒட்டிக்கொண்டது. பட்டம் வாங்காமலே வெளியே வந்து, 1964-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போய்ச் சேர்ந்தார். கொலம்பியா ஸ்டுடியோ வாரம் 150 டாலர் சம்பளத்தில் எடுத்துக்கொண்டது.

கிடைத்ததெல்லாம் துண்டு வேடம். 1966-இல் வந்த முதல் படத்தில் ஹோட்டல் எடுபிடியாகத் தலைகாட்டிவிட்டுப் போனார். அதற்கே ஸ்டுடியோ அதிகாரி ஒருவர் கூப்பிட்டு, நடிகர் டோனி கர்ட்டிஸ் ஒரு படத்தில் மளிகைச் சாமான் கொடுக்கும் பையனாக வந்தபோதே நட்சத்திரக் களை தெரிந்தது, உன்னிடம் அது இல்லை என்றாராம். பார்ப்பவர்களுக்கு அவர் மளிகைக் கடைப் பையனாகத்தானே தெரிந்திருக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்டதாக ஃபோர்டே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சுருக்கென்ற பதில்தான். அதற்காக யாரும் வேடம் கொடுத்துவிடவில்லை.

அதற்குள் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளும் ஆயிற்று. வாங்கிய வீட்டில் மராமத்து வேலை இருந்தது. நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்து, தச்சு வேலையைத் தானே கற்றுக்கொண்டார். ஏதோ ஸ்டூல், அலமாரி என்று நினைத்துவிடாதீர்கள். பிரேசில் இசைக்கலைஞர் செர்ஜியோ மெண்டிஸுக்கு ஒலிப்பதிவுக் கூடமே கட்டிக் கொடுத்தார். வீட்டுச் செலவுக்கு அந்த வருமானம் இருந்ததால், பிடிக்காத சில்லறை வேடங்களை வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. வாடகைக்குத் திண்டாடுகிற நடிகரால் அப்படிச் சொல்ல முடியுமா?

இன்னொன்றும் நடந்தது. தச்சு வேலை கொடுத்தவர்களில் பலர் சினிமாக்காரர்கள். அவர்களில் ஒருவர், நடிகர் தேர்வைப் பார்த்துக்கொண்ட ஃப்ரெட் ரூஸ். அவர் விடாமல் பரிந்து பேசித்தான் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் 1973-இல் எடுத்த ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’யில் சிறு வேடம் கிடைத்தது. அப்புறம் லூகாஸ் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு ஆள் தேடியபோது, அந்தப் பழைய படத்தில் நடித்தவர்கள் வேண்டாம் என்றுதான் இருந்தார். இயக்குநர் கொப்போலாவின் அலுவலகத்தில் வாசல் அமைக்கும் தச்சு வேலை செய்துகொண்டிருந்த ஃபோர்டை, தேர்வுக்கு வருகிறவர்களுக்கு எதிர்வசனம் படிக்க மட்டும் கூப்பிட்டார்கள். கடைசியில் வேடம் அவருக்கே போனது. படம் 1977-இல் வந்தது. அப்போது அவருக்கு வயது 34. ஊருக்கு வந்து 13 வருஷம்.

இதில் அதிர்ஷ்டம் இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. அதே காலத்தில் அதே ஊருக்கு வந்து, ஒன்றும் நடக்காமல் திரும்பிப் போனவர்களின் பேர்கூட நமக்குத் தெரியாது. அதனால் ஃபோர்டைக் காட்டி "நானும் ஜெயிப்பேன்" என்று தம்பி சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். "13 வருஷம் எப்படிச் சாப்பிட்டார்?" என்று கேளுங்கள். அதற்குத் தம்பியிடம் பதில் இருக்க வேண்டும்.

பெற்றோர் பலர் "ரெண்டு வருஷம் டைம் தருகிறேன், அதற்குள் நடக்கவில்லையென்றால் வந்துவிடு" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்தக் கணக்குப்படி, ஹோட்டல் எடுபிடியாக நடித்த வருஷமே ஃபோர்ட் பெட்டி கட்டியிருப்பார். கெடு வைப்பதானால் வேறு மாதிரி வையுங்கள்: தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும்வரை நடிப்பும் தொடரட்டும், கடன் வாங்க ஆரம்பித்தால் உட்கார்ந்து பேசலாம்.

ஃபோர்டுக்குத் தச்சு வேலை மாதிரி, தம்பிக்கும் செலவுக்கு ஒரு கைத்தொழில் வேண்டும். அது எது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். காலை ஒன்பது மணிக்குப் போய் உட்கார வேண்டிய வேலை சரிப்படாது. ஆடிஷனுக்கு லீவு கேட்டே வேலை போய்விடும். முடித்துக் கொடுத்தால் காசு என்கிற வேலையாக இருக்க வேண்டும். தம்பி படிப்பதே பி.காம். டேலி என்கிற கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டியும் ஒழுங்காகக் கற்றுக்கொண்டால், நாலைந்து கடைகளுக்கு மாதாமாதம் கணக்கு முடித்துக் கொடுக்கலாம். சினிமா கம்பெனிகளிலும் புரொடக்‌ஷன் கணக்குப் பார்க்க ஆள் தேவைப்படுகிறது. எடிட்டிங், டப்பிங்கில் ஆர்வம் இருந்தால் அதுவும் நல்லதே.

டிகிரியை ஏன் முடிக்க வேண்டும் என்றால், டெல்லியில் உள்ள தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்பில் சேரவே பட்டம் கேட்கிறார்கள். நாடகங்களில் நடித்த அனுபவமும் கேட்கிறார்கள். அதனால் இப்போதே ஒரு நாடகக் குழுவில் சேரட்டும். மாலை ஒத்திகைக்குப் போவதைத் தடுக்காதீர்கள். வெறும் ஆசையா, உழைக்கவும் மனசு இருக்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

சான்ஸ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் மட்டும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். வேடம் கொடுப்பவர்தான் நடிகருக்குப் பணம் தர வேண்டும்.