வரைய நல்ல நேரம்

கேள்வி: தினமும் திருவொற்றியூரிலிருந்து பீச் ஸ்டேஷன் வரை மின்சார ரயிலில் போய்வருகிறேன். பிளாட்பாரத்தில் காத்திருப்பது, கொருக்குப்பேட்டை பக்கம் சிக்னலுக்கு வண்டி நிற்பது என்று நாளுக்கு அரை மணி நேரம் வீணாகிறது. அந்த நேரத்தில் நோட்டில் படம் போட்டுப் பழக ஆசை. ஆனால் பக்கத்தில் இருப்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது. பொது இடத்தில் வரைவது சரியா?
(வாசகர் ஒருவர், திருவொற்றியூர்)

பதில்: 'வரைவது' என்ற சொல்லை அச்சில் பார்த்தாலே எனக்குப் பெரம்பூர் புலவர் ஒருவர் நினைவுக்கு வந்துவிடுவார். பல வருடங்களுக்கு முன் இதே பக்கத்தில் 'ஓவியர் வரைந்தார்' என்று எழுதியிருந்தேன். மூன்றாம் நாள் அஞ்சலட்டை வந்தது. அதில் ஒரே ஒரு சொல்: 'யாரை?'

விஷயம் இதுதான். சங்க காலத்துக் காதல் பாடல்களான அகப்பாடல்களில் வரைதல் என்றால் கல்யாணம் செய்துகொள்வது. ஒளிந்து ஒளிந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போகிற தலைவனைத் தோழி மடக்கி, 'சீக்கிரம் வரைந்துகொள்ளும் வழியைப் பார்' என்று நெருக்குவாள். வரைவு கடாதல் என்று அதற்குப் பெயரே உண்டு. படத்துக்கு அந்தக் காலத்தில் எழுதுதல்தான். கண்ணில் மை எழுதினார்கள், தோளில் தொய்யில் என்ற கோலம் எழுதினார்கள், சுவரில் ஓவியம் எழுதினார்கள். புலவர் கணக்குப்படி, அரசாங்கம் வெளியிடும் வரைவு மசோதா கல்யாணம் முடிந்த மசோதா. வரைவு வாக்காளர் பட்டியலை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. தொகுதி முழுக்க ஒரே முகூர்த்தத்தில்! நீங்களோ பொது இடத்தில் வரைவது சரியா என்று கேட்கிறீர்கள். ராயபுரத்தில் மண்டபத்துக்கா பஞ்சம்? தாராளமாக வரையுங்கள். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நல்லது.

சரி. புலவர் மேல் எனக்குக் கோபம் இருந்தாலும், உங்கள் கூச்சத்துக்கு மருந்து அவர் கட்சியில்தான் இருக்கிறது. மடலேறுதல் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெண் கிடைக்காத தலைவன் பனைமடலில் குதிரை செய்து ஏறி, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு, அவள் உருவம் எழுதிய துணியைக் கையில் பிடித்தபடி நடுத்தெருவில் வருவான். அந்தத் துணிக்குக் கிழி என்று பெயர். ஊரே வேடிக்கை பார்க்கும். பார்க்கட்டும் என்றுதானே வருகிறான்? எருக்கம்பூவும் இல்லாமல், மடலும் இல்லாமல், ஜன்னல் சீட்டில் மடியில் ஒரு குட்டி நோட்டை வைத்துக்கொண்டிருக்கிற உங்களுக்கு என்ன கூச்சம்?

அப்புறம், உங்கள் பேட்டையைப் பற்றி. சென்னையில் ஓவியம் என்றதும் எல்லோருக்கும் வண்டி தெற்கே திரும்பிவிடுகிறது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம், அதற்குப் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலை, வழியில் காபி. பணிக்கர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் இன்று ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் அரசு கவின்கலைக் கல்லூரியாக இருக்கிறதே, அதை 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கியது பிராட்வேயில். வடசென்னை! இதை நான் எழுதும்போதெல்லாம் 'பிராட்வே எப்படி வடசென்னை ஆகும்?' என்று அடையாற்றிலிருந்து ஒரு கடிதம் வரும். அடையாற்றில் இருப்பவருக்கு அது ஏன் கவலை என்று இன்றுவரை புரியவில்லை. இந்த வாரமும் வரும் பாருங்கள்.

கேள்விக்கு வருகிறேன். நீங்கள் தினமும் தாண்டிப் போகிற ராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதான் 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடு வரை போனது. தூண்களெல்லாம் கம்பீரமாக நிற்கும். அதை வரையாதீர்கள். தூண் எங்கேயும் ஓடிவிடாது, ஞாயிற்றுக்கிழமை போய் நிதானமாகப் போட்டுக்கொள்ளலாம். வண்டியில் கிடைப்பது ஆட்கள். எதிர் சீட்டில் கழுத்து ஒரு பக்கம் சாய, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்குகிற ஆபீஸ்காரர் தண்டையார்பேட்டை வரை அசையமாட்டார். முகத்தில் ஆரம்பிக்காதீர்கள். தோள் எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது, கை மடியில் எப்படிக் கிடக்கிறது, அது இரண்டு கோட்டில் வந்துவிட்டால் ஆள் வந்துவிட்டார். பென்சில் வேண்டாம், ரப்பர் தேடுவதிலேயே வண்ணாரப்பேட்டை வந்துவிடும். சாதாரண பால்பாயிண்ட் பேனா போதும். அவர் எழுந்து இறங்கிவிட்டால் படம் அரைகுறையாகவே இருக்கட்டும், அடுத்த பக்கத்துக்குப் போங்கள். பெண்கள் தூங்கும்போது மட்டும் நோட்டை மூடிவிடுங்கள். புலவர் பாஷையில் அது களவு.

எட்டிப் பார்க்கிறவர்களை விரட்டாதீர்கள். ஒருநாள் காசிமேட்டில், ஏலக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, படகு நிழலில் வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரை வரைந்துகொண்டிருந்தேன். கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியை உள்ளே விட்டு, ஒரு சுற்று, ஒரு முடிச்சு, மறுபடி உள்ளே. நான்கைந்து பேர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். எனக்கும் உங்களைப் போலத்தான் காது சூடாகிவிட்டது. வலை முழுவதையும் பொடிப்பொடிக் கட்டமாகப் போட்டு நிரப்பினேன், பார்க்கிறவர்கள் அசந்துபோகட்டும் என்று. பெரியவர் கையை நீட்டி நோட்டை வாங்கிப் பார்த்தார். என் மூக்கு எப்படி, முகச்சாயல் வந்திருக்கிறதா, ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னா தம்பி இது? நீ போட்டுக்கீற கண்ணிக்கு நெத்திலிதான் மாட்டும். இது வஞ்சிரத்து வலைப்பா."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பேனாவையும் வாங்கிக்கொண்டு, என் கட்டங்களுக்குப் பக்கத்தில் பெரிதாக நாலு கண்ணி போட்டு, முடிச்சு எந்தப் பக்கம் விழும் என்று ஒரு புள்ளியும் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். எடுத்த இடத்திலிருந்து ஊசி மறுபடி ஓட ஆரம்பித்தது. அந்த நோட்டு இன்னும் மேஜை டிராயரில் இருக்கிறது. ஓவியம் தெரிந்த நண்பர்கள் யார் புரட்டினாலும் அந்த நாலு கண்ணியில்தான் நிற்கிறார்கள். அது மட்டும் நன்றாக வந்திருக்கிறது என்கிறார்கள். நானும் மறுப்பதில்லை, யார் போட்டது என்றும் சொல்வதில்லை.

காலை எட்டு மணி வண்டியில் மட்டும் நோட்டைச் சட்டைப்பையில் போட்டுவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் தொங்க இரண்டு கையும் வேண்டும்.