கையேட்டில் இல்லாத பக்கம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

தக்கலையில் இருபது வருடமாகக் கல்யாண வீடியோ எடுத்துத் தொகுத்துக் கொடுக்கிறேன். ஆவணியில் நான்கு கல்யாண வேலை கையில் இருக்கும்போது எடிட்டிங் மென்பொருள் இரவோடிரவாகத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. காலையில் பார்த்தால், நான் டைட்டில் எழுதும் பலகையைக் காணோம். முன்பு எழுதியவற்றைத் திறந்தால் மணமக்கள் பெயரில் கொம்பு எழுத்தைவிட்டு விலகி நிற்கிறது. உதவிப் பக்கத்திலுள்ள படத்தில் மட்டும் அந்தப் பலகை பத்திரமாக இருக்கிறது! பழைய பதிப்புக்குத் திரும்பலாமென்றால், புதியதில் ஒருமுறை சேமித்த கோப்பைப் பழையது திறக்க மாட்டேன் என்கிறது. சந்தா மட்டும் மாதாமாதம் தவறாமல் போகிறது. வேலை தெரிந்தவனை வேலை தெரியாதவனாக்கவே இப்படிச் செய்கிறார்களா?

ஒரு ஸ்டுடியோக்காரன், தக்கலை

அன்புள்ள தம்பி,

முதலில் கொம்பை எழுத்தோடு சேர்ப்போம். பெண் வீட்டார் காத்திருப்பார்கள். யூனிகோடில் ‘கெ’ என்று அடித்தால், கோப்பில் முதலில் ககரமும் அடுத்துக் கொம்பும்தான் பதிவாகின்றன. திரையில் வரையும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் பொறுப்பு. சில தொகுப்பு மென்பொருள்களில் அதற்கென அமைப்புகளுக்குள் ஒரு தேர்வு உண்டு. தெற்காசிய, மத்தியக் கிழக்கு மொழிகள் என்பது போன்ற பெயரில் ஒளிந்திருக்கும். புதுப்பித்தபோது அது மாறிப்போயிருக்கலாம். சரிசெய்துவிட்டு, மென்பொருளை மூடித் திறந்து பாருங்கள். பெயர் முழுவதும் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிக் கிடந்தால் கதை வேறு. அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. யூனிகோடுக்கு மாற்றித்தான் தீர வேண்டும்.

இனி உங்கள் கோபம். அதில் பாதி எனக்கும் உண்டு.

போன வருடம் அகஸ்தீஸ்வரம் பக்கம் ஒரு கோயில் கொடைவிழாவில் வில்லுப்பாட்டைப் பதிவுசெய்து வந்தேன். என்னிடமிருந்த ஒலி மென்பொருளில் இரைச்சல் நீக்குவது எனக்குக் கைப்பழக்கம். பாட்டு தொடங்குமுன் ஜெனரேட்டர் மட்டும் ஓடுகிற இரண்டு நொடியை அடையாளம் காட்டினால், அந்த ஒலியை மட்டும் பதிவு முழுவதிலும் கழித்துக்கொடுக்கும். புதிய பதிப்பில் அதை எடுத்துவிட்டு ஒரே ஒரு பொத்தானை வைத்திருந்தார்கள். அழுத்தினேன். ஜெனரேட்டர் போயிற்று. கூடவே வில்லில் கட்டிய மணிகளும் போயின. குடத்து அடியின் தொடக்கம் மட்டும் கேட்டது, அதன் கார்வை அறுந்திருந்தது. உடுக்கை எங்கோ பக்கத்து ஊரில் ஒலித்தது. புலவர் மட்டும் வானொலியில் செய்தி வாசிப்பவரைப் போலத் தன்னந்தனியாகப் பாடிக்கொண்டிருந்தார்.

அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருந்தது மனிதப் பேச்சைக் கொண்டே பயிற்றுவிக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு. அதற்குப் பேச்சல்லாத எதுவும் இரைச்சல்தான். நேர்காணல் எடுப்பவருக்கு அது வரம், மறுக்கவில்லை. ஆனால் கையேட்டில் ஒரே அழுத்தலில் ஒலி மெருகேறும் என்று மட்டும் இருந்தது. வாத்தியம் இருந்தால் இதைத் தொடாதே என்று ஒரு வரி இல்லை. பழைய முறை நீக்கப்பட்டுவிட்டது என்றும் இல்லை. இருக்கிறது என்று நம்பி மூன்று நாள் மெனு மெனுவாகத் தேடினேன். எடுத்ததைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். அந்த மூன்று நாளைத்தான் மன்னிக்க முடியவில்லை.

புதிதாக வந்தவற்றின் பட்டியலைப் படம் போட்டு, இசை சேர்த்துக் காட்டுகிறார்கள். எடுக்கப்பட்டவற்றை எங்கோ அடியில் ஒரு வரியில் சொல்வார்கள், சில சமயம் அதுவும் கிடையாது. புதிய வாடிக்கையாளரை இழுப்பது புதிய வசதி. நீங்களும் நானும் ஏற்கெனவே பணம் கட்டியவர்கள். இதில் சூழ்ச்சி இருப்பதாக நான் நினைக்கவில்லை. நம்மை அவர்கள் நினைக்கவே இல்லை, அவ்வளவுதான்.

2011 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் என்ற வீடியோ தொகுப்பு மென்பொருளை வெளியிட்டது நினைவிருக்கும். அதற்கு முந்தைய ஏழாம் பதிப்பில் செய்த வேலைகளை அது திறக்கவில்லை. பல கேமராக் காட்சிகளை ஒருசேர வைத்து வெட்டும் மல்ட்டிகேம் வசதி அதில் இல்லை. மல்ட்டிகேம் 2012 ஜனவரியில்தான் திரும்பி வந்தது. இடையில் ஏறக்குறைய ஏழு மாதம். மூன்று கேமராவில் தாலிகட்டை எடுத்தவன், புதிய பதிப்பை நம்பியிருந்தால், அதுவரை மணமக்களிடம் என்ன சொல்லியிருப்பான்? காட்சித் துண்டுகளை வரிசையாக அடுக்கும் அதன் டைம்லைன் நல்ல யோசனை, அதை விரும்பி வேலை செய்பவர்கள் இன்று நிறைய இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எல்லா மாற்றமும் கெடுதல் என்று நீங்கள் முடிவுகட்டிவிடாதீர்கள். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளின், 2021 அக்டோபரில் வந்த 3.1 பதிப்பில், கிளிப்பை, அதாவது ஒலித்துண்டை, நகர்த்துவதற்கென்று இருந்த தனிக்கருவியை எடுத்துவிட்டு, கிளிப்பின் தலைப்பட்டையைப் பிடித்து இழுத்தால் போதும் என்று ஆக்கினார்கள். மிச்சம் பிடித்த வேலை அது. ஆனால் அதற்கு முன் எடுத்த பாடக் காணொளிகள் இன்றும் அந்தக் கருவியை எடுக்க எஃப்5 விசையை அழுத்தச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. புதிதாகப் படிக்க வரும் பையன் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுத் தன் கணினிதான் பழுது என்று நினைப்பான்.

ஒரு காலத்தில் மென்பொருள் பெட்டியில் வரும், கூடவே செங்கல் கனத்தில் கையேடும் வரும். பெட்டியில் இருந்ததும் புத்தகத்தில் இருந்ததும் ஒன்றாக இருந்தன. 2013 மே மாதம், ஃபோட்டோஷாப் தயாரிக்கும் அடோபி நிறுவனம் இனிச் சந்தாவில்தான் புதிய பதிப்புகள் என்று அறிவித்தது. மற்றவர்கள் பலரும் அந்த வழிக்கு வந்தார்கள். இப்போது பதிப்பு ஓயாமல் மாறுகிறது. உதவிப் பக்கத்தின் மேலேயே திருத்தி எழுதுகிறார்கள், அதுவும் சில பத்தியை மட்டும். உங்கள் பலகையின் படம் அங்கே தங்கிப்போனது அப்படித்தான்.

திரும்பிப் போகலாமா என்ற கேள்விக்கு: நடுவேலையில் வேண்டாம். புதியதிலேயே இந்த நான்கையும் முடித்துக் கொடுங்கள். அதன்பின் தானாகப் புதுப்பிக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள். இனிப் புதுப்பிக்குமுன் வேலைக் கோப்புகளைத் தனி ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல் எடுங்கள்; பாட்டு, பேச்சு ட்ராக்குகளை வேவ் (WAV) என்ற ஒலிக் கோப்புகளாகவும் வைத்துக்கொள்ளுங்கள். வேவ் கோப்பைத் திறக்க மறுக்கும் ஒலி மென்பொருளை நான் இன்னும் பார்க்கவில்லை.

டைட்டில் பலகை எங்கே போனது என்று கண்டுபிடித்தால், எந்த மெனு, எத்தனையாவது வரி என்று தமிழில் எழுதி எனக்கும் அனுப்புங்கள். என் கணினியிலும் புதுப்பிக்கவா என்ற கேள்வி ஒரு மாதமாக நிற்கிறது. நான் ‘பிறகு நினைவூட்டு’ என்பதையே அழுத்திக்கொண்டிருக்கிறேன்.