ஃபயர்வாலில் யார் எவ்வளவு இழுக்கிறார்கள்? லினக்ஸ் கேள்வி பதில்

லினக்ஸ் பெட்டி ஒன்றையே ஃபயர்வாலாக (உள் நெட்வொர்க்குக்கும் இணையத்துக்கும் நடுவே நிற்கும் காவல் கணினியாக) ஓட்டுபவர்கள், எந்த கம்ப்யூட்டர் எவ்வளவு டேட்டா இழுக்கிறது என்று அறியக் கேட்டவை இவை.

கேள்வி: ஐஎஃப்டாப் (iftop, ஓடும் டிராஃபிக்கை முகவரிவாரியாகக் காட்டும் கருவி) போட்டால் எல்லா டிராஃபிக்கும் ஃபயர்வாலின் ஐபியிலேயே காட்டுகிறது, சார். எந்த கம்ப்யூட்டர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வெளிப்பக்க இன்டர்ஃபேஸில் பார்க்கிறீர்கள். அங்கே நாட் (NAT, முகவரி மாற்றும் வசதி) எல்லா முகவரிகளையும் ஒன்றாக்கிவிடுகிறது. உள்பக்க லேன் கார்டைக் கொடுங்கள். பெரிய எஃப் (-F) ஆப்ஷனில் 192.168.1.0/24 என்பதுபோல உங்கள் நெட்வொர்க்கையும் சொல்லிவிடுங்கள். ஓடும்போது 'd' விசையை அழுத்தினால் எதிர்முனைகள் மறைந்து, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்கு ஒரு வரி என்று சுருங்கும். வலப்பக்கம் இருப்பவை கடைசி 2, 10, 40 நொடிகளின் சராசரி. 2 நொடி எண் ஆடிக்கொண்டே இருக்கும்; 10 நொடி எண்ணைப் பாருங்கள்.

கேள்வி: புரோகிராம்வாரியாக டிராஃபிக்கைக் காட்டும் நெட்ஹாக்ஸ் (nethogs) உதவுமா?

பதில்: உதவாது. அது அந்தப் பெட்டியிலேயே ஓடும் புரோகிராம்களைத்தான் பிரித்துக் காட்டும். கடந்து போகும் பாக்கெட்டுக்கு அங்கே சொந்தக்கார புரோகிராம் கிடையாது.

கேள்வி: விடுதியில் நாள் முழுக்க ஆள்வாரியாகப் பதிவு வேண்டும். என்எஃப்டேபிள்ஸில் (nftables, லினக்ஸின் ஃபயர்வால் விதிகளை எழுதும் கருவி) கவுன்டர் வைத்தேன் அண்ணா, ஒவ்வொருவருக்கும் சில கேபிதான் ஏறுகிறது!

பதில்: உங்கள் ஃபார்வர்டு செயினின் (பெட்டியைக் கடந்து போகும் பாக்கெட்டுகளுக்கான விதிப் பட்டியலின்) முதல் வரி, ஏற்கெனவே தொடங்கிய இணைப்புகளை அப்படியே அனுமதிக்கும் வரிதானே? அந்த இடத்திலேயே பாக்கெட் வெளியேறிவிடுகிறது. கீழே இருக்கும் கவுன்டருக்கு இணைப்பின் முதல் பாக்கெட் மட்டும்தான் வந்து சேரும். எண்ணுவதற்கென்று ஃபார்வர்டு ஹுக்கிலேயே (கடந்து போகும் பாக்கெட்டுகளைப் பிடிக்கும் அதே இடத்தில்) தனிச் செயின் ஒன்று போட்டு, அதன் பிரியாரிட்டி எண்ணை உங்கள் அனுமதி விதிகள் இருக்கும் ஃபில்டர் செயினைவிடக் குறைவாக வையுங்கள். அது முதலில் ஓடும். அதில் டைனமிக் செட் (தானாக வளரும் முகவரிப் பட்டியல்) இரண்டு: அப்லோடுக்கு அனுப்புநர் முகவரி, டவுன்லோடுக்குப் பெறுநர் முகவரி, இரண்டிலும் கவுன்டர். புது மாணவர் சேர்ந்தால் செட் தானாகவே ஒரு வரி சேர்த்துக்கொள்ளும். எந்தப் பக்கமாக வந்து எந்தப் பக்கமாகப் போகிறது என்பதையும் விதியில் சேருங்கள். இல்லையென்றால் வெளியுலக முகவரிகளும் செட்டை நிரப்பிவிடும்.

கேள்வி: கவுன்டர் மொத்தத்தைத்தானே தருகிறது? வேகம்?

பதில்: இரண்டு முறை படித்துக் கழியுங்கள். 10 நொடி இடைவெளியில் 2,50,00,000 பைட் கூடியிருந்தால் நொடிக்கு 25 லட்சம் பைட். எட்டால் பெருக்கினால் 20 எம்பிபிஎஸ். இந்த எட்டை விட்டுவிட்டுத்தான் பலர் லைன் ஸ்லோ என்று சண்டைக்குப் போகிறார்கள்.

கேள்வி: டவுன்லோடு ஓடுகிறது, கவுன்டர் மட்டும் நகரவில்லை.

பதில்: ஃப்ளோடேபிள் (தொடங்கிய இணைப்புகளைக் குறுக்கு வழியில் வேகமாக அனுப்பும் வசதி) போட்டிருக்கிறீர்களா? அதில் ஏறிய இணைப்புகள் ஃபார்வர்டு செயின் பக்கமே வராது. அளக்கும்வரை அதை நிறுத்துங்கள். நிறுத்த முடியாதென்றால் ஃப்ளோடேபிளுக்கே கவுன்டர் ஆப்ஷனைக் கொடுத்து, கான்ட்ராக்கின் (conntrack, இணைப்புகளைப் பின்தொடரும் கெர்னல் பகுதி) கணக்கு வசதியையும் இயக்கி, எண்ணிக்கையைக் கான்ட்ராக்கிலிருந்து எடுங்கள்.

கேள்வி: ஐபிவி6-இல் ஃபோன்கள் முகவரியை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. மேக் முகவரியை (MAC, நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வைத்து எண்ணலாமா?

பதில்: அப்லோடுக்கு மட்டும். டவுன்லோடு பாக்கெட் ஃபார்வர்டு செயினுக்கு வரும்போது அதில் இருப்பது வெளிப்பக்க ரவுட்டரின் மேக். ஃபோனுடையது இன்னும் எழுதப்பட்டிருக்காது. டவுன்லோடை ஐபிவி6 செட்டில் எண்ணி, எந்த முகவரி எந்த மேக்குக்கு உரியது என்பதை நெய்பர் டேபிளிலிருந்து (ஐபி முகவரிக்கு உரிய மேக்கைப் பெட்டி குறித்துவைக்கும் பட்டியல்) அடிக்கடி எடுத்து வைத்துப் பிறகு கூட்டுங்கள்.