புயல் காலமும் எரிபொருள் விலை ஏற்றமும் சேர்ந்து வந்தால் கொழும்பில் வீட்டை எப்படித் தயார்படுத்துவது?

நான் இருப்பது கொலன்னாவைப் பக்கம், மாடி இல்லாத வீடு. 2016 மே வெள்ளத்தையும், 2025 நவம்பர் கடைசியில் திட்வா புயலோடு வந்த வெள்ளத்தையும் இந்தப் பகுதி பார்த்திருக்கிறது. அதனால் முதலில் இதைச் சொல்கிறேன்: எரிபொருளைச் சேர்த்து வைக்கப் பார்க்காதீர்கள். காஸ், கரண்ட், பெற்றோல் எதுவும் இல்லாமல் மூன்று நாள் சமாளிக்கக்கூடிய வீடாக மாற்றப் பாருங்கள்.

2022 ஜூனில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா ஆனபோது எத்தனையோ பேர் கலன்களில் வாங்கி வீட்டுக்குள் வைத்தார்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரமானது, தரையோடு படர்ந்து போகும். குசினி அடுப்போ சாமி விளக்கோ எரிந்தால் போதும், வீடே பற்றிக்கொள்ளும். பெற்றோலை வண்டியின் தாங்கியிலேயே வையுங்கள். விலை ஏறினால் ஐந்நூறு ரூபாவுக்கு அடித்து ஓட்டுவதுதான் நம் எல்லோருக்கும் பழக்கம். ஆனால் புயல் எச்சரிக்கை வந்த அன்று வரிசை வீதி முனை வரை போய்விடும். ஒருமுறை நிரப்பிவிட்டு, பாதிக்குக் கீழே இறங்க முன் மறுபடி அடித்தால் மாதச் செலவு அதிகரிக்காது. வழக்கமாக மாத முடிவில் விலையை மீளாய்வு செய்கிறார்கள், அதையும் கவனித்து அடிக்கலாம்.

சமையலில்தான் நிறைய மிச்சம் பிடிக்கலாம். அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாகக் கொதித்து ஐந்து நிமிடம் ஆனதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். மூடிய பானையைத் தடித்த போர்வையால் சுற்றி ஒரு பெட்டிக்குள் வைத்தால் முக்கால் மணி நேரத்தில் சோறு வெந்திருக்கும். கடலை, பயறு எல்லாம் முதல்நாள் இரவே ஊற வேண்டும். இதைச் சாதாரண நாட்களிலேயே பழகுங்கள். வெள்ளத்தன்று புதிதாகச் செய்து பார்க்கப் பொறுமை இருக்காது. காஸ் சிலிண்டரைச் சுவரோடு கட்டி வையுங்கள், தண்ணீர் ஏறினால் அது மிதக்கும்.

கரண்ட் போனால் தண்ணீர் மோட்டரும் நிற்கும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாடிகளில் இருப்பவர்களுக்கு வெள்ளம் வராவிட்டாலும் இந்தச் சிக்கல் உண்டு. நமக்குக் குழாயில் வருவதில் பெரும் பகுதி அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்து எடுக்கும் தண்ணீர்; ஆறு பெருகினால் அதுவும் தடைப்படலாம். ஆகவே காற்று தொடங்க முன்பே குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லீற்றர் என்று கணக்குப் போட்டு நிரப்புங்கள். கழிவறைக்கு வாளிகளில் வேறாக வையுங்கள்.

களனி கங்கையின் குணத்தைப் புதிதாக வந்தவர்கள் அறிய வேண்டும். மழை கொட்டுவது மேலே, கித்துல்கல, நோர்வூட் பக்கம். அந்தத் தண்ணீர் இங்கே வந்து சேரும்போது கொழும்பில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். மழை விட்டதென்று சாமானை இறக்கி வைக்காதீர்கள். நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடும் ஆற்று நீர்மட்ட அளவுகளில், நமக்கு மேலே இருக்கும் ஹங்வெல்லயையும் கொழும்பிலுள்ள நாகலகம் வீதியையும் பாருங்கள். ஹங்வெல்லயில் ஏறினால் நமக்கு இன்னும் சில மணி நேரம் இருக்கிறது என்று அர்த்தம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

அப்புறம், பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரே பொலித்தீன் பைக்குள் போகட்டும். பிரஷர், சீனி மருந்து இரண்டு வாரத்துக்கு இருக்கட்டும். பிஸ்கட், டின் மீன், நெத்தலி, மெழுகுதிரி எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கினால் கை கடிக்கும். வங்கக் கடல் புயல்கள் இலங்கைப் பக்கம் அதிகம் வருவது நவம்பர், டிசம்பரில். ஓகஸ்டிலிருந்தே சம்பளத்துக்குச் சம்பளம் இரண்டு சாமான் என்று எடுத்து வையுங்கள்.

தரைவீட்டில் வயதானவர்கள் இருந்தால், எந்த உறவினர் வீட்டு மாடிக்குப் போவது என்று இப்போதே அவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வண்டியில் பெற்றோல் இருக்கும்போதே, வீதியில் தண்ணீர் ஏற முன் அவர்களைக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.